நான் பிடுங்கிய பாப்பரைச் செடிகள்

நான் வாயைத் திறக்காமலே என் பசியையும் காய்ச்சலையும் தெரிந்துகொண்ட என் அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் முதலில் கை வந்தது. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நாங்கள் இருக்கிறோம். அப்பா மறுபடியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். நான் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டில் வந்து படுத்துக்கொள்கிறேன். நீ இறந்து ஒரு வருடம் ஆகாததால் இந்தத் தையில் நமக்குப் பொங்கல் இல்லை. பெரியம்மாவும் பானை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் தூக்கில் கொடுத்து அனுப்பியதைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.

உன் படத்துக்கு விளக்கு ஏற்றும்போது நான் உன் முகத்தைப் பார்ப்பதில்லை. திரியைப் பார்த்துக்கொண்டே ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியுமா? நிலத்தைப் பற்றி நீ கேட்டுவிடுவாயோ என்று பயம்.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் நம் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து போடுகிற சின்ன இதழுக்கு இதை அனுப்பப் போகிறேன். உன் விதை பதர் என்று நம் ஊர் அடி அண்ணாமலையில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய் என்று முழுசாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நேரில் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்ல எனக்கு வராது. அது உனக்கே தெரியும்.

படிக்கிறவர்களுக்குப் பாப்பரை தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்ச தூரத்தில் மாலதி அக்கா ஒரு சின்ன கஃபே நடத்துகிறார். அம்மா அங்கே பாத்திரம் கழுவப் போனவள், பிறகு அடுப்படிக்கு வந்தாள். கோதுமை ஒத்துக்கொள்ளாத வெளிநாட்டுக்காரர்கள் அங்கே பக்வீட் மாவில் செய்த தோசை மாதிரியான ஒன்றைக் கேட்டுச் சாப்பிடுவார்கள். விரதம் இருக்கும் வடநாட்டு ஆட்கள் அதையே குட்டு மாவு என்பார்கள். அங்கே அம்மாவோடு சமைத்த நேபாளத்து அண்ணன் ஒருவர், லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அந்தப் பக்வீட் விதையைத் துணியில் இரண்டு முடிச்சாக முடிந்து கொண்டுவந்தார். அவர் சொன்ன பெயர் அம்மா வாயில் பாப்பரை என்று ஆகிவிட்டது. பேச்சில் தானியம் என்று சொன்னாலும் இது நெல், கேழ்வரகு மாதிரிப் புல்லில் விளைவதில்லை. சுக்கான் கீரையின் ஜாதி. செடியாக இடுப்பு உயரம் வரும், பூக்கும், பூ இருந்த இடத்தில் மூன்று பட்டையாக விதை கட்டும்.

இரண்டு முடிச்சில் இருந்ததும் இரண்டு ரகம். ஒன்று வெள்ளைப்பூ. தண்டு சிவந்திருக்கும், இலை இதயம் மாதிரி கூராக இருக்கும், பூ வெள்ளையாகவும் சிலது லேசான ரோஸாகவும் கொத்துக் கொத்தாக வரும், தேன் வாசனை அடிக்கும். விதை வழுவழுப்பாக, மூன்று விளிம்பும் கூராக, புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும். மாவு இனிக்காது, ஆனால் கசக்காது. கடைக்கு வேண்டியது இதுதான். இன்னொன்று பச்சைப்பூ. தண்டும் பச்சை, இலை கொஞ்சம் அகலம், பூ எள்ளளவுதான், அதுவும் பச்சை. வாசனை கிடையாது. தூரத்தில் இருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. விதை மங்கலாக, சொரசொரப்பாக, பட்டையின் நடுவில் கோடு கிழித்த மாதிரி பள்ளத்தோடு இருக்கும். மென்றால் கசக்கும். மாவில் தண்ணீர் பட்டதும் மஞ்சளாகி இன்னும் கசக்கும்.

அம்மா, நீ இரண்டையும் இரண்டு பெண்கள் மாதிரிப் பேசுவாய். "வெள்ளப்பூ இருக்காளே, சொகுசுக்காரி. வெயில் ஜாஸ்தியானா மயக்கம் போட்டுடுவா. தேனீ வந்து தாங்கணும் அவள. பச்சப்பூ அப்டி இல்ல. யாரு வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா, அவ பாட்டுக்கு காய்ப்பா." நீ சொன்னபோது சிரித்தேன். அதில் இருந்த விஷயத்தை நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளைப்பூவில் ஒரு செடியின் பூவுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய காம்பு நீளமாக இருக்கும், பக்கத்துச் செடியில் குட்டையாக இருக்கும். ஒரு மாதிரிப் பூவின் மகரந்தம் மற்ற மாதிரிப் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விதை. அந்த வேலையைத் தேனீயும் ஈயும்தான் செய்யும். பச்சைப்பூவுக்கு அந்தத் தொல்லையே இல்லை, ஒவ்வொரு பூவும் தனக்குத் தானே போதும்.

நீ ஆவணியில் போனாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. போன தையில் அறுத்த விதையை இரண்டு மண்பானைகளில் வேப்பிலை போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்பங்கரை மூலையில் வைத்திருந்தாய். எது எது என்று பானை மேல் குறி எதுவும் இல்லை. உனக்கும் எனக்கும் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டோம்.

கருமாதிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் பழைய மண்சட்டி, மண்பானை எதுவும் இருக்கக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அப்பாவின் தங்கை, என் அத்தை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொடுத்துக்கொண்டிருந்தாள். விதைப் பானைகளிடம் வந்ததும் நின்றாள். துணியை அவிழ்த்துப் பார்த்தாள். "ஐயோ, அண்ணி பாடுபட்டு சேத்து வெச்சிருக்கா, இத போய் எங்க கொட்றது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு காலி உரச்சாக்கை உதறி, ஒரு பானையைக் கவிழ்த்தாள். அதன் மேலேயே இன்னொரு பானையையும் கவிழ்த்தாள்.

நான் கையில் துடைப்பத்தோடு வாசற்படியில் நின்றிருந்தேன். "அத்தை, அது வேற, இது வேற." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. முதல் பானை கவிழும்போதே அது என் தொண்டைக்கு வந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள். அத்தைக்குப் பின்னால் அப்பாவின் பக்கத்து ஆண்கள் நின்றுகொண்டு வாழை இலை வந்ததா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்கு எழுத்தெல்லாம் நீச்சலடிக்குமே, அதே மாதிரி. ஒன்பதாவதோடு நான் நின்றபோது நீ என்னைத் திட்டவில்லை. "எல்லாருமா பேசிகினே இருந்தா கேக்கறதுக்கு ஆளு வேணாமா" என்றாய். கேட்கிறவளாகவே இருந்துவிட்டேன் அம்மா. இரண்டாவது பானையும் கவிழ்ந்தது.

ஐப்பசியில் பெரியப்பாவிடம் நிலத்தைக் கேட்டது நான் இல்லை, அப்பா. தீபாவளிக்கு வந்தவர் கேட்டார். கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த இருபது சென்ட் பெரியப்பாவுடையது, உனக்காகச் சும்மா விட்டிருந்தார். பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு போகம் பாக்கலாம்மா. தையில மூட்டை என் கண்ணுல படட்டும், நீயே வெச்சிக்கோ. இல்லன்னா தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வண்டி நிறுத்த உட்டுடறேன். கேட்டுகினே கீறாங்க." நான் தலையாட்டினேன். சாக்கில் என்ன இருக்கிறது என்று அப்போதும் சொல்லவில்லை. மாலதி அக்காவிடமும் சொல்லவில்லை. அவர் உன் நினைவாக இந்த வருடமும் நம் மாவுதான் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

விதையை முறத்தில் பரப்பி வெளிச்சத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். வழுவழுப்பு ஒரு பக்கம், சொரசொரப்பு ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியத்தான் செய்தது, ஆனால் ஒரு சாக்கையும் அப்படிப் பிரிக்க முடியுமா? அதற்குள் மழை விட்டு மண் பதமாக வந்துவிட்டது. பிரித்த வெள்ளைப்பூவை மட்டும் விதைத்திருக்கலாம். நிலத்தில் ஒரு மூலைக்குத்தான் வரும். மீதி நிலம் காலியாக இருந்தால் பெரியப்பா என்ன சொல்வாரோ என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே விதைத்தேன். பூக்கும்போது எது எது என்று தெரிந்துவிடும், பச்சைப்பூவை மட்டும் பிடுங்கிவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

மற்றதெல்லாம் நீ செய்த மாதிரியே செய்தேன், அதை மட்டும் நம்பு. அடைமழை ஓய்ந்த பிறகுதான் விதைத்தேன். இது ஆடிப்பட்டத்துப் பயிர் இல்லை, ஐப்பசி கடைசியில் போட்டால்தான் பனிக்காலத்தில் பூக்கும். மண்ணைப் புழுதியாக உழச் செய்து, மேட்டுப் பாத்தி கட்டி, ஒரு முழத்துக்கு ஒரு வரிசையாக, விரல் கணு ஆழத்தில் போட்டேன். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும் என்று பாத்திக்குப் பாத்தி வாய்க்கால் இழுத்தேன். உரக்கடை உரம் போடவே இல்லை. ஆட்டு எரு மட்டும் மேலாகத் தூவினேன். "சோறு ஜாஸ்தி போட்டா கொழுத்துப் போய் சாஞ்சிடும், காய் கம்மியாயிடும்" என்று நீ சொல்வாயே. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது. களையைக் கூட அதுவே மூடிவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் மொட்டு வந்துவிட்டது.

மொட்டு விரிய விரிய நான் பிடுங்க ஆரம்பித்தேன். காலையில் போவேன், பச்சைத் தண்டைத் தேடுவேன், வேரோடு இழுப்பேன். சுலபமாக வந்துவிடும், அது அப்படித்தான் மேலாக வேர் விடும். பிடுங்கியதை ஆட்டுக்குப் போடவில்லை. பூத்த பாப்பரையை வெள்ளை நிற ஆடு தின்றுவிட்டு வெயிலில் மேய்ந்தால் காது வீங்கித் தோல் கொப்பளிக்கும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. குழி தோண்டிப் புதைத்தேன். நிஜத்தைச் சொன்னால், ஆட்டுக்காக மட்டும் புதைக்கவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாது என்றும்தான்.

ரோட்டோரம் மட்டும் போகவில்லை. அங்கே வெள்ளைப்பூவைப் பார்த்துவிட்டு மலை சுற்ற வந்தவர்கள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். "பாப்பா, இது என்ன பூ?" என்று கேட்பார்கள். தூரத்தில் அவர்களைக் கண்டாலே நான் நிலத்தின் உள்பக்கம் போய்க் குனிந்துகொள்வேன். அதனால் ரோட்டை ஒட்டிய வரிசைகளில் பச்சைப்பூ அப்படியே நின்றது.

மார்கழியில் பனி சரியாக இல்லை அம்மா. விடியற்காலையில் கொஞ்சம் இருக்கும், பொழுது ஏறினால் பங்குனி மாதிரி வெயில். பக்கத்து நிலத்தில் சாமந்திக்குப் பூச்சி மருந்து அடித்தார்கள். பொங்கலுக்குப் பூ பறிக்க வேண்டுமே, அவர்களைச் சொல்லி என்ன. தேனீ வருவது கம்மியாகி, பிறகு நின்றே போய்விட்டது. விதைத்த இடம் முழுக்க வெள்ளையாக அரிசி கொட்டிய மாதிரி இருந்தது, சத்தமே இல்லை. போன வருடம் அந்த நேரத்தில் நிலத்துக்குள் நின்றால் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். நான் அந்த அமைதியைக் கேட்டும் ஒன்றும் புரியாமல் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

பூ காய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டிய விதையிலும் முக்கால்வாசி அழுத்தினால் உள்ளே வெறும் காற்று.

ரோட்டோரத்துக்கு அப்போதுதான் போனேன். ஒரு நடு மத்தியானம், ரோட்டில் யாரும் இல்லாத நேரம். பச்சைப்பூ அங்கே தாளாத அளவுக்குக் காய்த்திருந்தது. கீழ்க் கிளையில் விதை கறுத்துவிட்டது, மேலே இன்னும் பச்சையாக இருந்தது. அதன் நடுவில் நின்றுகொண்டு, உள்ளே நான் புதைத்த குழிகளைத் திரும்பிப் பார்த்தேன். இந்த வருடம் காய்த்திருக்கக்கூடிய ஒரே ரகத்தைத் தேடித் தேடிப் பிடுங்கியிருக்கிறேன். என் கை படாத இடம்தான் தப்பித்தது. அதுவும் என் புத்தியால் இல்லை, மனுஷரைக் கண்டு ஓடியதால்.

எல்லா விதையும் கறுக்கும் வரை காத்திருக்கக் கூடாது என்பது நினைவிருந்தது. நான்கில் மூன்று பங்கு கறுத்ததும், பனி ஈரம் இருக்கும்போதே அறுத்துக் கட்டுக் கட்டாக நிறுத்தி வைத்தேன். வெயில் ஏறிய பிறகு அறுத்தால் விதை தெறித்துவிடுமே. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். ரோட்டு விளிம்பில் கடைசி ஒரு வரிசை அப்போது இன்னும் பச்சையாகவே இருந்தது, அதை விட்டு வைத்தேன்.

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் அத்தை ஊரிலிருந்து வந்தாள். பெரியப்பாவும் அவளும் நிலத்தைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் பின்னால் போனேன். பெரியப்பா உள்ளே போய் ஒரு வெள்ளைப்பூச் செடியை உருவிப் பார்த்தார். கையில் சருகுதான் வந்தது.

"இன்னாமா இது, வெறும் தூளா கீது?"

ரோட்டோரத்தில் மோர் விற்கிற அம்மா எட்டிப் பார்த்து, "பூவு அவ்ளோ அழகா இருந்துச்சே, எத்தினி பேரு போட்டோ எடுத்தாங்க. காய்க்கலியா?" என்று கேட்டாள்.

அத்தைதான் பதில் சொன்னாள். "எங்க காய்க்கறது? எங்க அண்ணி வெள்ளந்தி. அந்த நேபாளத்துக்காரன் பதரக் குடுத்து ஏமாத்திட்டான். அவ இன்னாடான்னா அத பொன்னு மாதிரி கட்டி வெச்சிகினு இருந்தா."

"போட்டோ எடுத்தவன்கிட்ட ஆளுக்குப் பத்து ரூபா வாங்கியிருந்தா கூட தேவலாம்" என்றார் பெரியப்பா. மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அம்மா. ஆனால் சிரித்தது உன்னைப் பார்த்து. நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். விதை கெட்டது, செத்தவள் ஏமாந்தாள், பெண் பாவம் என்ன செய்வாள். என் மேல் ஒரு தூசு விழாது.

"வெதை பதர் இல்ல அத்தை."

என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. அத்தை வாயில் கை வைத்தாள். "அய்ய! பேசுது பாரு! மழை எறங்கப் போவுது, கோணி எடுத்து தலையில போட்டுக்கோ அண்ணா."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப வராது என்று தெரியும். ரோட்டு விளிம்பில் விட்டு வைத்திருந்த வரிசையில் ஒரு கிளையை ஒடித்து, விதையை உருவிப் பெரியப்பாவின் கையில் வைத்தேன். அவர் கடித்துப் பார்த்தார்.

"நல்லா கெட்டியா கீதே. ஆனா கசக்குது."

"கசப்புதான் பெரியப்பா. இது வேற ரகம். பூச்சி வராங்காட்டியும் காய்க்கும். கொல்லை முழுக்க இது இருந்துச்சு. நான்தான் புடுங்கிப் பொதச்சிட்டேன்."

"ஏன்?"

"ரெண்டும் கலந்துட்டுது. அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

"யாரு கலந்தது?"

நான் தரையைப் பார்த்தேன். அதற்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தேன். அத்தையின் சிரிப்பு மெல்ல நின்றது. "ரெண்டு பானை," என்றாள். "ரெண்டு பானையில இருந்துச்சு. நான்தான் ஒரே சாக்குல கொட்டனேன்." என் பக்கம் திரும்பினாள். "கொட்டனப்ப நீ எங்க இருந்த?"

"வாசப்படியாண்ட."

"பாத்துகினா இருந்த?"

"ஆமா."

"சொல்லக் கூடாதா டி? நான் இன்னா உன்ன கடிச்சா துன்னுடுவேன்?" அவள் கண் நிறைந்துவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா தனித்தனியா கட்டி வெச்சிருப்பேனே. எங்க அண்ணி பொருளு, நான் வேணும்னா செய்வேன்?"

அம்மா, நான் இத்தனை மாதமாக உள்ளுக்குள் அத்தை மேல் கொஞ்சம் கோபம் வைத்திருந்தேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அவள் அப்படிக் கேட்டதும் அந்தக் கோபமும் போய்விட்டது. ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது, அதைக் கேட்க அவள் தயாராகவே இருந்திருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோ, ஆனா எங்க ஊரு பேரப் போடாத, என் சம்பந்தி படிப்பாங்க" என்றாள். போடவில்லை.

அடுத்த நாள் மாலதி அக்காவிடம் போனேன். கஃபே வாசல் பலகையில் அவர் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: எங்கள் ஊரில் விளைந்த பக்வீட், விரைவில். அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. பச்சைப்பூவை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் புடைத்து, தோல் நீக்கி அரைத்த மாவு கொஞ்சம் கையில் இருந்தது. அவரே தண்ணீர் விட்டுக் கலக்கினார். மஞ்சள் ஏறியது.

"என்னடி இது, மஞ்சத்தூள் போட்டியா?"

"இல்ல கா. இது கசப்பு ரகம். தோசைக்கு ஆவாது. உங்களுக்குக் குடுக்கறதா சொன்னது வரல."

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். "கார்த்திகையிலயே சொல்லியிருந்தா நான் வேற எடத்துல ஆர்டர் போட்டிருப்பேன். ரெண்டு வாரமா கேக்கறவங்களுக்கெல்லாம் வருது வருதுன்னு சொல்லிட்டிருக்கேன் பவித்ரா." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, இந்த ரகத்தை வறுத்து வெந்நீரில் போட்டு டீ மாதிரிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வறுத்துக் கொண்டுவா, வைத்துப் பார்க்கிறேன், போனால் போகிறது என்றார். பலகையை ஈரத்துணியால் துடைத்தார். நான் நின்று பார்த்தேன்.

இன்று சாயங்காலம் பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "நீ உண்மையச் சொன்ன, அதுக்காக சொல்றேன். முழுசா எடுத்துக்க மாட்டேன். ரோட்டுப் பக்கம் வண்டி நிறுத்தத்தான் ஆவும், அத உட்டுடறேன். பின்னாடி பாதி உனுக்கு. வெதச்சிக்கோ. சரியா?"

நான் தலையாட்டினேன். சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது. பின்பக்கம் தாழ்வு அம்மா. மழைக்காலத்தில் அங்கே கணுக்கால் தண்ணீர் நிற்கும். நீயே அந்தப் பக்கத்தை ஒரு வருடமும் விதைத்ததில்லை, சும்மா புல்லுக்கு விட்டிருந்தாய், நானும் அப்படியே விட்டேன். தண்ணீர் நிற்பது பெரியப்பாவுக்குத் தெரியாது, அவர் அங்கே பயிர் வைத்தே வருடக்கணக்கில் ஆகிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அத்தை அப்படிக் கேட்ட பிறகும். மாலதி அக்காவிடம் அவ்வளவு பட்ட பிறகும். நான் என்ன ஜென்மம்?

விதை இருக்கிறது. பச்சைப்பூ தனியாக, நிறைய. வெள்ளைப்பூவில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியதில் ஒரு கைப்பிடி தேறியது. தாழ்வில் போட்டால் அந்தக் கைப்பிடியும் அழுகிவிடும், அதற்கப்புறம் உன் வெள்ளைப்பூ என்று ஊரில் எதுவும் இருக்காது.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், படிக்கிறவர்கள் சாட்சி. நாளைக் காலையில் பெரியப்பா பால் கறந்து முடிப்பதற்குள் போய் நிற்பேன். "பின்பக்கம் தண்ணி நிக்கும் பெரியப்பா, பாப்பரைக்கு ஆவாது. வண்டிய அங்க உடுங்க, எனுக்கு ரோட்டுப் பக்கம் குடுங்க" என்று சொல்வேன். வண்டிக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பார், உள்ளே தள்ளி எவன் வண்டி நிறுத்துவான் என்பார். ஒருவேளை முடியாது என்றே சொல்லிவிடலாம். சொல்லட்டும். நான் கேட்காததால் போனது என்று இன்னொன்று இருக்க வேண்டாம். கிடைத்தால், ரோட்டோரமே நின்று விதைப்பேன். இது என்ன பூ என்று யார் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்வேன், குரல் நடுங்கினாலும்.

இந்தக் கடிதம் அச்சாகி வரும்போது நான் கேட்டு முடித்திருக்க வேண்டும். கேட்காமல் விட்டால் ஊரே படித்துவிட்டு, என்ன ஆயிற்று என்று என்னிடம் வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான் இதை அனுப்புகிறேன்.

உன் ஒரே மகள்,
பவித்ரா